நடு வரிசை

முதலில் தண்ணீர் குளியலறை ஓட்டை வழியாகத்தான் வந்தது. மழை இல்லை. கடலும் அன்றைக்கு நல்ல பிள்ளையாக அடங்கிக் கிடந்தது. அண்ணனுக்குக் கால் பிடித்துவிட வந்த நாற்றுக்காரி, கையில் எண்ணெயோடு அப்படியே நின்றுவிட்டாள். குளித்த தண்ணீர் வெளியே போவதற்காக வைத்த ஓட்டை, வெளியே கிடந்த தண்ணீரை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. கறுப்பாக, குமிழியிட்டு, ஒரு அவசரமும் இல்லாமல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கச் சேற்று நாற்றம்.

"யாரோ விருந்தாளி போல, பாப்பா. உக்காரச் சொல்லு," என்றான் அண்ணன் கட்டிலில் இருந்தபடி.

நாற்பதைத் தாண்டிய தங்கை அவனுக்கு இன்னும் பாப்பாதான். படகு இஞ்சின் பழுது பார்த்தவன் அவன். ஒருநாள் ஒரு இஞ்சின் சரிந்து இடுப்பில் விழுந்தது. அன்றிலிருந்து கால் இரண்டும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. அதற்கும் சேர்த்து வாய் ஓடும். நாற்றுக்காரி கந்தல் துணியைச் சுருட்டி ஓட்டையில் அடைத்து, மேலே அம்மிக்கல்லை நகர்த்தி வைத்தாள். உடனே அடுப்படிப் பக்கத்து ஓட்டையில் குமிழி கிளம்பியது. அண்ணனின் சிரிப்புக்கு அவளால் பதில் சிரிப்புச் சிரிக்க முடியவில்லை.

அவளுக்கு நாற்றுக்காரி என்று பெயர் வந்தது அந்த ஊரின் அலையாத்திக் காட்டால்தான். நிழல்வலைக் கொட்டகைக்குள் பைபையாக நாற்று வளர்த்து, கடலோரச் சேற்றில் நடக் கொடுப்பது அவள் வேலை. காடு இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது ஊருக்கும் கடலுக்கும் நடுவே வெறும் சேறுதான். அந்தச் சேற்றுக்கு நடுவே ஓர் ஓடை, மேட்டுநிலத்து மழைத் தண்ணீரையெல்லாம் வாரிக்கொண்டு கடலில் போய்ச் சேரும். ஒருநாள் அதே ஓடை வழியாகக் கடல் ஊருக்குள் வந்தது. ஊரில் அதைப் "பெரிய கடல்" என்பார்கள். அதற்குமேல் விவரித்துப் பேச மாட்டார்கள். போனவர்களில் பலர் கிடைக்கவே இல்லை. அண்ணனின் மகளும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஓடைக்கரையோரமாக வந்துகொண்டிருந்த பிள்ளை அவள்.

அதற்குப் பிறகு திட்டம் வந்தது. மரமும் வளரணும், மக்களும் வளரணும் என்று அதிகாரிகள் பேசினார்கள். இந்த மாதிரிப் பேச்சு பேனரோடு வந்து பேனரோடு போய்விடுவதுதான் உலக வழக்கம். ஆனால் இந்தத் தடவை பேச்சு வேர் பிடித்தது. ஊரே சேற்றில் இறங்கிச் செடி நட்டது. செடி மரமானதும் அடியில் மீன்குஞ்சு வந்தது, நண்டு வந்தது. நண்டை வலைக்கூண்டில் வைத்துக் கொழுக்க வைத்து விற்கக் கற்றுக்கொடுத்தார்கள். சங்கம் உண்டானது, சங்கத்துக்கு ஐஸ்ரூம் உண்டானது. பிழைப்புத் தேடி வெளியூர் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. நல்லது நடந்தால் நல்லது என்று சொல்லத்தான் வேண்டும்.

தொல்லை எங்கே ஆரம்பித்ததென்றால், நடுவில் விட்ட இடைவெளியில். நடவுக்கு முன் நிலத்தை அளக்க வந்தவரை ஊர் அளவுக்காரர் என்றது. அவர் ஓடை கடலில் சேரும் இடத்தில் அகலமாக ஓர் இடைவெளி விட்டார். கடல் எப்போதாவது ஒரு நாள் உள்ளே வரும், ஆனால் மழைத்தண்ணீர் வருஷா வருஷம் வெளியே போயாக வேண்டும், இங்கே ஒரு செடிகூட நடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்த ஊரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர் மாற்றலாகிப் போனார். அடுத்த நடவிலேயே ஊர் அந்த இடைவெளியையும் நட்டு முடித்தது. மற்ற ஊரென்றால் அலட்சியத்தால் செய்திருக்கும், இவர்கள் துக்கத்தால் செய்தார்கள். திருடன் வந்த கதவைத் திறந்து போட்டுவிட்டு மற்றப் பக்கமெல்லாம் சுவர் வைப்பதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே. கிடைக்காமல் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த ஓடை வாயில் ஒரு வரிசை. ஊரிலிருந்து கடலை நோக்கி நீளும் அலையாத்தி வரிசைகள். உடல் இல்லாத ஊருக்குச் சமாதி அதுதான். ஓடையின் ஆழமான நடுக்கோட்டில், மகளுக்காக அண்ணி நட்ட வரிசை. அதற்கு நல்ல நாற்றாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தவள் நாற்றுக்காரிதான். கடல் உள்வாங்கி வற்றம் இறங்கும்போதெல்லாம் அண்ணி அங்கே போவாள். தண்டில் ஒட்டிச் செடியை நலிய வைக்கும் சிப்பியை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுப்பாள், சேறாடி வந்த பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது போல.

சங்கம் அதற்கு ஒரு சட்டமும் போட்டது. வரிசைக்குச் சொந்தக்காரர் தன் வாயால் சொல்லாமல் யாரும் அந்த வரிசை மேல் கத்தி வைக்கக்கூடாது. வைத்தால் சங்கத்தில் இடமில்லை, காட்டுக்குள் காலும் வைக்கக்கூடாது. நாற்றுக்காரியும் கை தூக்கித்தான் அந்தச் சட்டம் நிறைவேறியது.

குளியலறை ஓட்டையில் தண்ணீர் வந்த மறுநாள் அவள் வற்றத்தில் நடு வரிசைக்குள் இறங்கினாள். முன்பு இடுப்பளவு ஆழம் இருந்த இடம் அது. இப்போது கணுக்கால்கூடப் புதையவில்லை. கடல் கொண்டுவந்த மண்ணையும் ஓடை கொண்டுவந்த மண்ணையும் வேர்கள் வடிகட்டி வடிகட்டி ஒரு மேடு எழுப்பியிருந்தன. திரும்பி ஊரைப் பார்த்தாள். பள்ளத்தெருக் கூரைகள் தெரிந்தன, அண்ணன் வீட்டுக் கொல்லைக்கதவு தெரிந்தது. அவள் நின்ற சேறு அந்தக் கதவின் படியைவிட உயரமாக இருந்தது. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும் என்பதற்குப் படிப்புத் தேவையில்லை. அவள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அது அண்ணி வரிசை மரம்.

அளவுக்காரரை எப்படியோ போனில் பிடித்தாள். அவருக்கு ஊரும் நினைவிருந்தது, அவளையும் நினைவிருந்தது. இடைவெளி எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். அதையும் நட்டுவிட்டோம் என்றாள். எவ்வளவு நட்டீர்கள் என்றார். முழுதும் என்றாள். மழை இப்போது பழைய மழையாக இல்லை, ஒரு பருவத்துக்குப் பெய்ய வேண்டியது ஒரே பகலில் கொட்டுகிறது, அந்த நேரம் பார்த்துக் கடலும் ஏறி நின்றால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை என்றார். எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம், ஆழக்கோட்டில் ஒரே ஒரு வரிசையை எடுத்து வாய்க்கால் பறித்தால்கூடப் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும் என்றார். ஆழக்கோடு எதுவென்று அவள் கேட்கவில்லை.

அவள் சங்கத்தைக் கூட்டினாள். நண்டுக் கொட்டகையில் கூட்டம். தலைவர் ஐஸ்காரர். ஐஸ்ரூம் சாவி அவர் இடுப்பில் தொங்குவதால் தலைவர் பதவியும் அங்கேயே தொங்கியது என்பார்கள். நல்ல மனுஷன்தான், காற்றடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி நிற்கத் தெரிந்தவர். நாற்றுக்காரி விஷயத்தைச் சொன்னதும், வழி திறக்கத்தான் வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவளுக்கே ஆச்சரியம். யார் வரிசையைத் திறப்பது என்றபோதுதான் கொட்டகையில் நண்டு ஊரும் சத்தம் கேட்டது. ஒருவர் தன் வரிசை ஓரமாக இருப்பதால் பிரயோசனமில்லை என்றார். இன்னொருவர் அப்பாவின் வரிசையை இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பூனைக்கு மணி கட்ட எல்லோருக்கும் சம்மதம், ஆனால் அவரவர் பூனைக்கு வேண்டாம். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று முடித்து வைத்தார் ஐஸ்காரர். வெளியூரிலிருந்து காட்டைப் பார்க்க ஆட்கள் வரப்போகிறார்கள், இப்போது போய் அரிவாளைத் தூக்கினால் என்ன நினைப்பார்கள் என்றும் கேட்டார்.

அண்ணி கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் நாற்றுக்காரி அவளைத் தனியாகப் பிடித்தாள். தெருவில் முந்தின வாரம் பெய்த தூறல் தண்ணீர் இன்னும் நின்றது. இருவரும் அதில்தான் நின்றார்கள்.

"அண்ணி, ஆழக்கோடு உங்க வரிசைதான்."

"தெரியும்," என்றாள் அண்ணி. "நட்டவளுக்குத் தெரியாதா?"

"அண்ணனை நினைச்சுப் பாருங்க. தண்ணி வந்தா அவரால எந்திரிச்சு நிக்கக்கூட முடியாது."

அண்ணி காலடித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். "அவளைத் தேடாத இடம் இல்ல. நான் தேடுறதை நிறுத்துனதே அந்த வரிசையை நட்ட அன்னைக்குத்தான். மறுபடியும் என்னைத் தேட விட்டுடாதே."

நாற்றுக்காரி, குறைந்தபட்சம் மழை முடியும் வரை இரண்டு பேரும் மேட்டுத்தெருவில் தன் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். அண்ணி மாட்டேன் என்றாள். கொல்லைக்கதவைத் திறந்தால் வரிசை தெரிய வேண்டும் அவளுக்கு. அண்ணன், அவளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றான். கட்டிக்கிட்டவளை விட்டுட்டுத் தங்கச்சி வீட்டுல போய்ப் படுத்தா ஊர் சிரிக்கும் பாப்பா என்று அதையும் வேடிக்கையாக்கினான்.

அதன் பிறகு பள்ளத்தெரு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. சுவரின் அடிப்பாகத்தில் ஈரம் ஏறி, காரை பொரிப்பொரியாக உதிர்ந்தது. எறும்புகள் வரிசை கட்டி மேட்டுத்தெருவுக்குக் குடிபோயின. அவற்றுக்குச் சங்கம் கிடையாது, கூட்டம் கிடையாது, அதனால் சீக்கிரம் முடிவெடுத்துவிட்டன. பின்கதவுகள் எல்லாம் ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் நின்றன. சனங்களோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் எழுந்ததும் கடல், சாயங்காலம் கடல். அடிபட்டவன் அடித்தவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். முதுகுப் பக்கம் மேட்டுநிலத்தின் மேல் மேகம் கறுத்துக் கட்டியதை நாற்றுக்காரி மட்டும் பார்த்தாள்.

மழை காலையிலேயே தொடங்கியது. தூறிக் கனத்த மழை இல்லை. கதவைத் தட்டாமல் நுழைந்தவன் மாதிரி நேராகக் கொட்டியது. பகல் ஏற ஏறக் காற்றும் சேர்ந்தது. கடல் எழும்பி வந்து காட்டில் மோதியது. ஊர் முழுக்க நண்டுக் கொட்டகை மேட்டில் ஏறி நின்று பார்த்தது. அலை வரும், மரங்கள் வளையும், இந்தப் பக்கம் வெறும் நுரைதான் வந்து சேரும். காடு தாங்கியது. யாரோ அழுதார்கள், யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெரிய கடலுக்குப் பழி வாங்கிவிட்ட சந்தோஷம் அவர்கள் முகத்தில். அதைப் பார்த்து நாற்றுக்காரிக்கும் ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அந்த மரத்திலெல்லாம் அவள் கை பட்டிருக்கிறது. பிறகு அவள் திரும்பி ஊர்ப்பக்கம் பார்த்தாள்.

பள்ளத்தெருவில் தெருவைக் காணவில்லை. மேட்டுநிலத்துத் தண்ணீர் முழுக்க இறங்கி வந்து, காட்டின் முதுகில் முட்டி, போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்பியிருந்தது. சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாளி, ஒரு நாற்காலி, யாருடைய செருப்போ, எல்லாம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் கீழே இறங்கி ஓடினாள். ஓட்டம் நடையாகி, நடை நீச்சலாகித்தான் அண்ணன் வீட்டை அடைந்தாள்.

கட்டில் முங்கியிருந்தது. அண்ணி எப்படியோ அண்ணனைச் சாப்பாட்டு மேசை மேல் ஏற்றி, தானும் பக்கத்தில் நின்று, அவன் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் மேசையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. ஆறு ஆள் சேர்ந்தாலும் அவனை அந்த நீரோட்டத்தில் வெளியே தூக்கிப்போக முடியாது. அண்ணன் வேடிக்கைப் பேச்சை நிறுத்தியிருந்தான். அதுதான் நாற்றுக்காரியை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

"அண்ணி, வெட்டட்டுமா?"

அண்ணி அவளைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி. வெட்டட்டுமா?"

அண்ணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோளில் இருந்த தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். நாற்றுக்காரி அதற்கு மேல் நிற்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

நாற்றங்காலில் ரம்பமும் மண்வெட்டியும் இருந்தன. நடு வரிசையின் ஊர்ப்பக்க முனையிலிருந்து அவள் தொடங்கினாள். முதல் மரத்தில் ரம்பத்தை வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் முகம் வந்தது. திட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, சும்மா பார்த்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அலையாத்தி கெட்டி மரம், வேர் பின்னிப் பிணைந்து கிடக்கும். அவள் கை எரிந்தது, மழை முகத்தில் அறைந்தது. இத்தனையையும் ஒருத்தியாக எப்படி முடிப்பது என்று அழுகை வந்தது.

அப்போது பக்கத்தில் கடப்பாரை இறங்கும் சத்தம் கேட்டது. ஐஸ்காரர். ஐஸ்கட்டி உடைக்கும் கடப்பாரையோடு சேற்றில் நின்றார். ஐஸ்ரூமுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, மோட்டார் போய்விடும் என்று முணுமுணுத்தார். அவர் காரணம் எதுவாக இருந்தால் என்ன, அந்தக் கடப்பாரையை அவள் கடவுளாகவே பார்த்தாள். அவள் அறுக்க, அவர் வேரைப் பெயர்த்தார். வரிசையின் பாதி போனபோதே தண்ணீர் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டது. முதலில் ஒரு விரல் அகலம் ஓடியது. பிறகு மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. பிறகு மீதி மரங்களைத் தானே வேரோடு பிடுங்கிக்கொண்டு ஓடியது. இருவரும் பக்கத்து வரிசை மரங்களைக் கட்டிக்கொண்டு தப்பித்தார்கள். ஓடை பழைய குரலில் இரைந்தது. அந்தச் சத்தத்தை ஊர் மறந்தே போயிருந்தது.

இருட்டுவதற்குள் பள்ளத்தெருவில் தெரு மறுபடியும் தெரிந்தது. அண்ணன் பிழைத்தான். மேசை மேல் நீர் ஏறி அவன் காதுவரை வந்து நின்றதாம், பிறகு இறங்கியதாம். ஊரில் ஒரு உயிர்ச்சேதமும் இல்லை.

பிழைத்த ஊர் என்ன செய்யும்? பேசும். காடு காப்பாற்றியது என்று பேசியது. அதில் பாதி உண்மை. தண்ணீர் வற்றத்தோடு தானாக வடிந்தது என்றும் பேசியது. அதில் கால்வாசிகூட உண்மை இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெளியூர் ஆட்கள் வந்து காட்டைப் பார்த்து வியந்து படம் எடுத்தார்கள். திட்ட அதிகாரி, நடுவில் கிடந்த பிளவைக் காட்டி, புயலில் சேதமான பகுதி, மக்களே திரும்பவும் செடி நடப் போகிறார்கள் என்று விளக்கினார். அருகில் நின்ற ஐஸ்காரர் தலையாட்டினார். கடப்பாரையைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்தாகிவிட்டது. கேட்டவர்களிடம், தான் அன்றைக்கு ஐஸ்ரூமை விட்டு அசையவே இல்லை என்று சொல்லியிருந்தார்.

ஆனால் ஓரமாகப் பெயர்த்துப் போட்ட அடிக்கட்டை பொய் சொல்லுமா? ரம்பப் பல்லின் தடம் பளிச்சென்று இருந்தது. சங்கம் கூடியது. நாற்றுக்காரி, தான்தான் அறுத்ததாகச் சொன்னாள். ஏன் அறுத்தேன் என்பதையும், அளவுக்காரர் சொன்னதையும் சொன்னாள், அந்தப் பிளவை மட்டும் மூடிவிடாதீர்கள் என்று கைகூப்பினாள். ஐஸ்காரரைப் பெயர் சொல்லி இழுக்கவில்லை. அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சிலருக்கு அவள் மேல் இரக்கம் இருந்தது. சட்டத்திலேயே வழி இருக்கிறதே என்று ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள், வரிசைக்காரர் வாயால் சொல்லியிருந்தால் குற்றமே இல்லையே. எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். ஐஸ்காரர் கேட்டார், வெட்டச் சொன்னீங்களா?

அண்ணி எழுந்து நின்றாள்.

"நான் சொல்லல," என்றாள்.

அது உண்மை. நாற்றுக்காரியால் அதை மறுக்கவும் முடியவில்லை. அவளைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்றார்கள். நாற்றங்கால் பொறுப்பு அண்ணிக்குப் போனது.

நாற்றுக் கொட்டகைச் சாவியை வாங்கிக்கொள்ள அண்ணி தானே வந்தாள். வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"தண்ணி எதனால வடிஞ்சதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "உங்க அண்ணன் இன்னைக்கு மூச்சு விடுறது உன்னாலதான். உன் காலைக் கழுவித் தண்ணி குடிச்சாலும் தீராது. ஆனா கதவைத் திறந்தா அந்த இடம் காலியா கிடக்குது. கண்ணு தானா தேட ஆரம்பிச்சிருது. என்னால முடியல."

நாற்றுக்காரி அவளைத் திட்ட வாயெடுத்தாள். அண்ணனைக் கொல்லப் போறீங்க என்று சொல்ல நினைத்தாள். அண்ணியின் நகங்களைப் பார்த்தாள், சிப்பி சுரண்டிச் சுரண்டித் தேய்ந்துபோன நகங்கள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அண்ணி கொட்டகையைத் திறந்து, உள்ளதில் நல்ல நாற்றாகப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கினாள்.

அடுத்த வற்றத்தில் ஊர் முழுக்கச் சேற்றில் இறங்கியது. நாற்றுக்காரிக்கு மட்டும் அங்கே இடமில்லை. அவள் அண்ணன் வீட்டுக்குப் போய், எப்போதும் போலக் கால் பிடித்துவிட உட்கார்ந்தாள். கொல்லைக்கதவு திறந்திருந்தது. தூரத்தில் குனிந்த முதுகுகள் தெரிந்தன. காய்ந்த சேற்றின் கறை சுவரில் மார்பளவு உயரத்துக்கு ஓடியது, அதைக் கழுவ யாருக்கும் இன்னும் கை வரவில்லை.

"அவ எங்க?" என்றான் அண்ணன்.

"செடி நடப் போயிருக்காங்க."

எந்த இடத்தில் என்று அவன் கேட்கவில்லை. படுத்தபடியே கதவு வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முதுகுகளில் எது தன் மனைவியுடையது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவள் தோளில்தான் அவன் தலை இருந்தது. தங்கை கேட்டதையும், பதில் வராததையும் அத்தனை பக்கத்திலிருந்து கேட்டவன் அவன் ஒருவன்தான். கூட்டத்தில் போய் அதைச் சொல்ல அவனுக்குக் கால் இல்லை. கால் இருந்தாலும் போயிருப்பானா என்று நாற்றுக்காரி இதுவரை கேட்கவில்லை.

"அவளை ஒண்ணும் சொல்லாதே, பாப்பா."

"சொல்லல அண்ணா."

"சுவரோரம் செங்கல் கிடக்கு பாரு," என்றான். "கட்டிலுக்கு அடியில காலுக்கு ரெண்டா வச்சு ஏத்திடு."

அவள் எழுந்து போய்ச் செங்கல்லை எடுத்து வந்தாள். ஒவ்வொரு காலாகத் தோள் கொடுத்துத் தூக்கி, இரண்டிரண்டாக வைத்தாள். பிறகு சுவரில் இருந்த கறையை ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் வெளியே போய், மிச்சம் கிடந்த செங்கல்லை எல்லாம் உள்ளே கொண்டுவரத் தொடங்கினாள்.